'போதிய பிரதிநிதித்துவம்': ஒரு சொல் நடந்து வந்த வழி

சில சொற்கள் அறிஞர் மன்றத்திலே பிறந்து வீட்டுத் திண்ணைக்கு வருவன. சில திண்ணையிலே பிறந்து வழக்கு மன்றத்துக்குச் செல்வன. 'எங்களுக்குப் போதிய பிரதிநிதித்துவம் இல்லை' என்னும் சொற்றொடர் இவ்விரு வழியிலும் நடந்து பழகியது. சட்டமன்றத்தில் அது முழங்குகிறது. நியாயத்தலங்களில் நுணுகி ஆராயப்படுகிறது. கரமனையிலும் கோட்டைக்குள்ளும் வலியசாலையிலும் சாலைக் கம்போளத்திலும் நம்மவர் நால்வர் கூடினால் அங்கும் அது தலை காட்டாமல் இருப்பதில்லை. ஆங்கிலம் பயின்ற இளைஞர் இதனையே 'அண்டர் ரெப்ரசென்டட்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றனர்.

இச்சொல்லின் பொருளை ஆராய்வதற்கு நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நாம் குடியிருக்கும் இத்திருவனந்தபுரம் நகரமே இச்சொல் உரைத்துப் பார்க்கப்பட்ட கட்டளைக்கல். 1891 முதல் 1956 வரை, அறுபத்தைந்து ஆண்டுக் காலம், 'எமக்குரிய இடம் எமக்கு இல்லை' என்னும் முறையீடு இந்நகரில் வகுப்புக்கு வகுப்பு, நாவுக்கு நா மாறி மாறி ஒலித்தது. அவ்வரலாற்றில் தமிழராகிய நமக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஒரு காலத்தில் நம்மவரை நோக்கி அச்சொல் எறியப்பட்டது; பிறிதொரு காலத்தில் நம்மவரே அச்சொல்லை எடுத்து வீசினர். தராசின் இரு தட்டிலும் இருந்து பார்த்த மக்கள் நாம். ஆதலின் இச்சொல்லைப் பிறரினும் தெளிவாக அறிந்திருத்தல் நமக்குக் கடமையாகின்றது.

சொல்லும் பொருளும்

'பிரதிநிதி' என்பது வடசொல். ஒருவருக்குப் பதிலாக நிற்பவர் என்பது அதன் பொருள். தமிழிலும் அது நெடுங்காலமாக வழங்கி வருகிறது. தூய தமிழ் விழைவோர் 'பேராளர்' என்றும் 'சார்பாளர்' என்றும் கூறுவர். எச்சொல்லை வழங்கினும் அதனுள் இரண்டு கருத்துக்கள் பின்னிக் கிடப்பதைக் காணலாம். நமக்காகப் பேசுபவர் என்பது ஒன்று; நம்முள் ஒருவராய் அங்கே இருப்பவர் என்பது மற்றொன்று. வழக்கறிஞர் முதல் வகையினர். அவர் நம் ஊரினராகவோ நம் வகுப்பினராகவோ இருக்க வேண்டுவதில்லை. ஆனால் ஓர் அலுவலகத்தின் நாற்காலியில் நம்மவர் ஒருவர் அமர்ந்திருக்கிறாரா என்று நாம் பார்க்கும்பொழுது, அவர் நமக்காகப் பேசுவதை எதிர்பார்ப்பதைக் காட்டிலும், அந்த வாயில் நமக்குத் திறந்திருக்கிறதா என்பதையே பார்க்கிறோம்.

இனி, 'போதிய அளவு இல்லை' என்று ஒரு கூட்டத்தார் சொல்லும்போது, அச்சொல் பொருள்பட வேண்டுமாயின் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். குறைபட்ட கூட்டம் எது? எவ்விடத்தில் குறைவு? எந்த அளவுகோலால் குறைவு? இம்மூன்றும் சொல்லப்படாதவிடத்து அச்சொல் வெறும் பெருமூச்சே. மூன்றும் சொல்லப்பட்டால் அது கணக்காகிறது, கணக்கு வழக்காகிறது, வழக்கு சில வேளைகளில் சட்டமுமாகிறது. திருவிதாங்கூரின் வரலாறு இம்மூன்று கேள்விகளுக்கும் தலைமுறைதோறும் வெவ்வேறு விடை சொல்லிய வரலாறேயாகும்.

1891: 'பரதேசி' என்ற சொல்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் உயர் உத்தியோகங்களில் அமர்வது பழைய வழக்கம். மார்த்தாண்டவர்மர் காலத்து இராமய்யன் தளவாய் முதலாக அதற்கு எடுத்துக்காட்டுக்கள் உள. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது உச்சநிலை எய்தியது. 1858 முதல் 1898 வரை நாற்பது ஆண்டுகளில் திவான் பதவி வகித்தவர்கள் தி. மாதவராவ், அ. சேஷய்ய சாஸ்திரி, நானூ பிள்ளை, வி. இராமையங்கார், தி. இராமராவ், சங்கரசுப்பையர் ஆகிய அறுவர். இவர்களுள் நானூ பிள்ளை ஒருவர் நீங்கலாக ஏனைய ஐவரும் பிராமணர். ஆங்கிலக் கல்வியும் சென்னை அரசாங்கத்து நிருவாகப் பழக்கமும் உடையவரைச் சமஸ்தானம் நாடியது ஒரு காரணம். வந்தவர் தம் உறவினரையும் ஊராரையும் அழைத்துக்கொண்டது மற்றொரு காரணம் என்று எதிர்த்தரப்பினர் கூறினர்.

இதற்கிடையில் இந்நாட்டிலேயே ஆங்கிலம் கற்றுப் பட்டம் பெற்ற இளைஞர் கூட்டம் ஒன்று எழுந்தது. 1891-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. 'மலையாளி மெமோரியல்' என்று வரலாறு அதனைக் குறிக்கிறது. பாரிஸ்டர் ஜி. பரமேஸ்வரன் பிள்ளை, கே. பி. சங்கரமேனோன், நாவலாசிரியர் சி. வி. இராமன் பிள்ளை ஆகியோர் அதன் முன்னணியில் நின்றனர். நாயர், கிறிஸ்தவர், ஈழவர் எனப் பல வகுப்பாரும் அதில் கையொப்பமிட்டிருந்தனர். 'திருவிதாங்கூர் திருவிதாங்கூராருக்கே' என்பது அவ்வியக்கத்தின் முழக்கம். உயர் உத்தியோகங்களைப் பரதேசிகள் கைப்பற்றிக்கொண்டனர் என்பது அதன் முறையீடு.

'பரதேசி' என்ற சொல்லை ஈண்டுச் சற்று நோக்குதல் தகும். தமிழில் அது இன்று ஆண்டியையும் ஊர் ஊராய்த் திரியும் இரவலரையும் குறிக்கும். ஆனால் இந்நாட்டு வழக்கில் பிற தேசத்திலிருந்து வந்தவன் என்பதே பொருள். மலையாளப் பிராமணரினின்று வேறுபடுத்தித் தமிழ்ப் பிராமணரைப் 'பரதேசப் பிராமணர்' என்பர். இரந்து நிற்பவனைக் குறிக்கும் சொல்லாலேயே அதிகாரத்தில் அமர்ந்தவனும் அழைக்கப்பட்டான் என்பது நம் செவிக்கு வியப்பாகலாம். இரண்டிற்கும் பொது, 'இம்மண்ணுக்குரியவன் அல்லன்' என்பதே.

அவ்விண்ணப்பத்திற்கு எதிராகத் தமிழ்ப் பிராமணர் தரப்பில் எதிர் மெமோரியல் ஒன்றும் அதே ஆண்டில் சென்றது. தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்பவரை அயலார் எனல் தகுமோ என்ற வினா அன்று எழுந்தது. எத்தனை ஆண்டு வாழ்ந்தால் ஒரு குடும்பம் நாட்டுக்குரியதாகும்? பிறப்பாலா, மொழியாலா, நில உடைமையாலா? இவ்வினாவுக்கு அன்று முடிந்த விடை கிடைக்கவில்லை. அதே 1891-இல்தான் இந்நகரத்துக் கல்லூரிப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' வெளிவந்தது. ஆலப்புழையிலே பிறந்து திருவனந்தபுரத்திலே கற்பித்துத் தமிழுக்குப் பெருநாடகம் ஒன்று தந்த அவரை எந்தப் பட்டியலில் வைப்பது? நாட்டாரும் அவரே, தமிழரும் அவரே. பட்டியல் எழுதுவோரின் கோடு மக்களின் வாழ்க்கையைப் போல வளைந்து கொடுப்பதில்லை.

1896: குறைக்குள் ஒரு குறை

மலையாளி மெமோரியலுக்கு அரசினர் அளித்த விடை மனுதாரருக்கு உவப்பானதாக இல்லை. அதிலும் ஈழவரைப் பற்றி அவ்விடை கூறியது வரலாற்றில் நிலைத்துவிட்டது: அவ்வகுப்பார் பெரும்பாலும் கல்வியில்லாதவர், பயிர்த்தொழில், கயிறு திரித்தல், கள் இறக்குதல் முதலிய தம் குலத்தொழில்களிலே மனநிறைவு கொண்டவர் என்பது அதன் கருத்து.

அவ்விண்ணப்பத்தில் கையொப்பமிட்டோருள் டாக்டர் பல்பு ஒருவர். சென்னையிலே மருத்துவம் கற்றுத் தேறியும் ஈழவர் என்ற காரணத்தால் சொந்த நாட்டில் வேலை மறுக்கப்பட்டு, மைசூர் சமஸ்தானத்தில் பணியாற்றியவர். 'கல்வியில்லை' என்ற விடை அவரைப் பார்த்துச் சொல்லப்பட முடியாதது. 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் 13,176 பேர் கையொப்பமிட்ட 'ஈழவ மெமோரியல்' அவர் தலைமையிலே மகாராஜாவுக்குச் சென்றது. பிரிட்டிஷ் மலபாரிலே தங்கள் இனத்தவரான தீயர் உயர் உத்தியோகம் வகிக்கும்போது, திருவிதாங்கூரில் தங்களுக்குக் கதவு அடைபட்டிருப்பது ஏன் என்று அது கேட்டது.

ஐந்தாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இம்மாறுதல் கருத்தூன்றி நோக்கத்தக்கது. 1891-இல் குறைபட்ட கூட்டம் 'மலையாளிகள்'; 1896-இல் அக்கூட்டத்துக்குள்ளேயே ஒரு பெருங்கூட்டம், 'எங்கள் பெயரும் அதில் இருந்தது, எங்களுக்கு வந்தது என்ன?' என்று கேட்டது. அளவுகோலும் மாறியது. முன்னவர் அயலாருடன் தம்மை ஒப்பிட்டனர். பின்னவர் அண்டை நாட்டில் வாழும் தம் உறவினரோடு ஒப்பிட்டனர். குறை என்பது ஒப்பீட்டினால் தோன்றுவது. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதே பாதி வழக்கு.

அடைபட்ட கதவின் தாழ்

சில இடங்களில் குறைவு ஒருவருடைய தீய எண்ணத்தால் மட்டும் நேர்வதன்று. ஏற்பாட்டிலேயே அது அமைந்துவிடும். திருவிதாங்கூர் நிலவருவாய்த் துறை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில், 1811-இல், நூற்றுக்கணக்கான கோயில்களின் சொத்துக்களும் நிருவாகமும் அரசின் வசமாயின. அதன்பின் வரி வாங்கும் அதிகாரியே கோயிலையும் மேற்பார்வையிட வேண்டியவரானார். கோயிலுக்குள் நுழைய உரிமையில்லாத ஈழவரும் புலையரும், சமயத்தால் வேறான கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் எங்ஙனம் அவ்வேலை பார்ப்பர்? சமஸ்தானத்தின் மிகப் பெரிய துறைகளுள் ஒன்று இங்ஙனம் பெரும்பாலான மக்களுக்கு அடைபட்டதாயிற்று. 'உங்களுக்கு வேலை இல்லை' என்று எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோயில் வாசலே சொல்லிற்று.

1918-19-இல் கிறிஸ்தவர், முஸ்லிம், ஈழவர் ஆகியோர் சேர்ந்து பௌர உரிமை இயக்கம் நடத்தினர். வருவாய்த் துறையினின்று தேவஸ்வத்தைப் பிரிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1922-இல் தேவஸ்வம் தனித்துறையாகப் பிரிக்கப்பட்டது. வருவாய்த் துறையின் கதவு மற்றவருக்கும் திறந்தது. தாழ் எங்கே உள்ளது என்று கண்டுபிடித்தால்தான் கதவைத் திறக்கலாம் என்பது இதனால் பெறப்படும். எண்ணிக்கைப் பட்டியல் நோயைக் காட்டும். நோயின் முதலைத் தேடிக் காண்பது வேறு வேலை.

இருத்தலும் பேசுதலும்

ஸ்ரீமூலம் பிரஜாசபை 1904-இல் தொடங்கியது. சட்டம் செய்யும் அதிகாரம் அதற்கில்லை. குறைகளை எடுத்துச் சொல்லலாம், அவ்வளவே. எனினும் அச்சபையில் 1911-இல் நியமனம் பெற்ற ஒருவரின் பெயர் இன்றும் நம் நகரத்தில் வழங்குகிறது. அவர் வெங்ஙானூர் அய்யன்காளி. 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கம் கண்டவர், பள்ளிக்கூடம் சென்றறியாதவர். புலையர்களுக்குப் புதுவல் நிலம் வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், அரசு வேலை வேண்டும் என்று அவர் சபையிலே எடுத்துரைத்தார். சபை கூடிய விக்டோரியா ஜூபிலி மண்டபம் 2019-இல் அவர் பெயரையே பெற்றது.

பல இலட்சம் மக்களுக்கு ஒரு நாற்காலி போதியதாகுமா? எண்ணினால் ஆகாது. ஆயினும் அதுவரை பிறர் வாயிலாகவே பேசப்பட்ட ஒரு மக்கட்கூட்டம் தன் வாயால் பேசிய முதற்காலம் அது. ஒன்றுமில்லாமைக்கும் ஒன்றுக்கும் உள்ள இடைவெளி, ஒன்றுக்கும் பத்துக்கும் உள்ள இடைவெளியினும் பெரிது.

பெண்மக்கள் நிலையும் இவ்விடத்து நினைக்கற்பாலது. 1922-இல் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1920-களின் இறுதியில் இந்நகரத்துக் கூட்டமொன்றில், பெண்கள் அரசு வேலைக்கு வருதல் தகாது என்று வாதிடப்பட்டபோது, அன்னா சாண்டி எழுந்து அவ்வாதங்களை ஒவ்வொன்றாக மறுத்துப் பெண்களுக்கும் வேலையில் பங்கு வேண்டும் என்று வாதாடினார். 1937-இல் அவரே முன்சீப்பானார்; 1959-இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியானார். வகுப்புக் கணக்குப் போட்ட எந்த மெமோரியலிலும் பெண்களுக்குத் தனிக் கணக்கு இருக்கவில்லை என்பதை மறத்தல் கூடாது.

நிவர்த்தனம்

இவ்வரலாற்றின் உச்சம் 1932-இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மகாராஜா சித்திரைத் திருநாள் சட்டசபைச் சீர்திருத்தம் ஒன்றைப் பிறப்பித்தார். கீழ்ச்சபையாக ஸ்ரீமூலம் அசெம்பிளியும், மேற்சபையாக ஸ்ரீசித்திரா ஸ்டேட் கவுன்சிலும் அமைந்தன. வாக்குரிமையோ, முக்கியமாக, செலுத்தும் நிலவரியைப் பொறுத்திருந்தது.

1931-ஆம் ஆண்டுக் கணக்குப்படி சமஸ்தானத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 51 இலட்சம். அதில் கிறிஸ்தவர் 16 இலட்சம். ஈழவர் ஏறக்குறைய 8.7 இலட்சம், நாயரும் ஏறக்குறைய அதே தொகையினர், முஸ்லிம்கள் 3.5 இலட்சம். கிறிஸ்தவர், ஈழவர், முஸ்லிம் மூவகையாரும் சேர்ந்து நாட்டில் பாதிக்கு மேற்பட்டவர். ஆனால் நிலவுடைமை நாயர் வகுப்பாரிடம் மிகுந்திருந்தது. நிலத்தை அளவாக வைத்தால் ஒரு கணக்கு. தலையை அளவாக வைத்தால் முற்றிலும் வேறொரு கணக்கு. ஈழவரும் முஸ்லிம்களும் தேர்தலில் வெல்வது அரிதாக இருந்த அக்காலத்தில், புதிய சீர்திருத்தமும் பழைய நிலைமையையே நிலைநிறுத்தும் என்று அவர்கள் அஞ்சினர்.

மூன்று வகுப்பாரும் இணைந்து சம்யுக்த இராஷ்டிரிய சமிதியைத் தோற்றுவித்தனர். சி. கேசவன், என். வி. ஜோசப், பி. கே. குஞ்ஞு, டி. எம். வர்கீஸ் முதலியோர் அதன் தலைவர்கள். மக்கள் தொகைக்கு ஏற்ற இடம் கிடைக்கும்வரை தேர்தலில் கலந்துகொள்வதில்லை என்று முடிவு செய்தனர். அம்முடிவுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. 'ஒத்துழையாமை' என்று சொன்னால் காந்தியடிகளின் இயக்கமென்று கருதி அரசினர் அடக்குமுறையைக் கையாளக்கூடும். எனவே 'நிவர்த்தனம்' என்னும் வடசொல் தெரிந்தெடுக்கப்பட்டது. அதனைத் தந்தவர் ஐ. சி. சாக்கோ. நிலவியல் அறிஞராகவும் சமஸ்கிருதப் பண்டிதராகவும் விளங்கிய இவர், பாணினியின் இலக்கணத்துக்கு மலையாளத்தில் எழுதிய 'பாணினீய பிரத்யோதம்' என்ற நூலுக்காகப் பின்னர் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றவர். இலக்கண ஆசிரியர் ஒருவர் அரசியலுக்கு ஈந்த சொல் என்று இதனைக் கூறலாம்.

நிவர்த்தனம் என்றால் திரும்புதல், விலகி நிற்றல். நம் தமிழிலோ 'குறையை நிவர்த்தி செய்தல்' என்ற வழக்கில் இதே வேர், நீக்குதல் என்னும் பொருளில் வழங்குகிறது. தமிழ் அறிந்தவர் காதில் அச்சொல் இருபொருள்பட ஒலித்திருக்கும்: குறையை நிவர்த்திக்க வேண்டி விலகி நிற்றல். இடம் போதாது என்பவர், இருக்கும் இடத்தையும் வேண்டா என்று எழுந்து நின்ற விந்தை அது. போதாத இடத்தை ஏற்றுக்கொண்டு அமர்ந்துவிட்டால், அமர்ந்ததே 'போதும்' என்பதற்குச் சாட்சியாகிவிடும் என்று அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

இயக்கம் எளிதில் முடியவில்லை. 1935 மே மாதம் கோழஞ்சேரியில் ஆற்றிய உரைக்காகச் சி. கேசவன் இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை சென்றார். எனினும் பயன் விளைந்தது. 1936 ஜூன் மாதம் டாக்டர் ஜி. டி. நோக்ஸ் அரசுப்பணித் தேர்வு ஆணையராக நியமிக்கப்பட்டார். இன்றைய கேரளப் பப்ளிக் சர்வீஸ் கமிஷனின் தொடக்கம் அதுவே. வாக்குரிமைத் தகுதி தளர்த்தப்பட்டது. 1937 தேர்தலில் இவ்வகுப்பாருக்கு இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1938-இல் பட்டம் தாணுபிள்ளையும் டி. எம். வர்கீசும் சி. கேசவனும் ஒரே மேடையில் நின்று திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் கண்டு பொறுப்பாட்சி கோரினர். பங்கு கேட்டவர்களும் பங்கு கொடுக்க வேண்டியவர்களும் ஒருங்கே அதிகாரத்தின் மூலத்தையே கேட்ட நிலை அது. சிறை சென்ற அதே சி. கேசவன் 1951-இல் திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சரானார்.

நம்மவர் முறை வந்தது

1891-இல் 'மிகுதியாய் இருக்கின்றனர்' என்று சொல்லப்பட்ட தமிழர், அரை நூற்றாண்டு கழித்து, 'எங்களுக்கு இல்லை' என்று சொல்ல நேர்ந்தது. இவ்விரண்டும் ஒரே தமிழரைப் பற்றியனவா என்று கேட்க வேண்டும். அல்ல. முன்னது இத்தலைநகரத்து உத்தியோக வகுப்பாரைப் பற்றியது. பின்னது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை முதலிய பகுதிகளில் உழுதும் பனையேறியும் நெய்தும் வாழ்ந்த மக்களைப் பற்றியது. தலைநகரில் சிலர் உயர்பதவியில் இருந்தமையால் தென் தாலுகாக்களில் பலருக்கு விளைந்த நன்மை யாது? 'தமிழர்' என்ற ஒரே பெயருக்குள் நிறைவும் குறைவும் அருகருகே குடியிருந்தன.

1945-46-இல் தொடங்கிய திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ், பின்னர் ஏ. நேசமணி அவர்களின் தலைமையில் வலுப்பெற்றது. வயதுவந்தோர் வாக்குரிமையின்படி நடந்த 1948 தேர்தலில், 120 இடங்களுள் 14 இடங்களை அக்கட்சி வென்றது. தமிழ்ப் பகுதிகள் தம் பிரதிநிதிகளைத் தாமே அனுப்பிவிட்டன. இருந்தும் குறை தீரவில்லை. ஏன்? 120 பேர் கொண்ட சபையில் 14 பேர் எவ்வளவு உறுதியாய் நின்றாலும் 14 பேரே. சபையின் மொழி வேறு. அலுவலகத்தின் மொழி வேறு. எண்ணிக்கையளவில் நியாயமான இடம் பெற்ற பின்னும், என்றும் சிறுபான்மையாகவே இருக்க விதிக்கப்பட்டவருக்கு அவ்விடம் எவ்வளவு பயன்படும் என்ற வினா எழுந்தது. அவர்கள் கேட்டது நாற்காலிகளை அன்று, எல்லைக்கோட்டையே. 1954 ஆகஸ்டு 11-இல் போலீசார் சுட்டதில் தமிழர் சிலர் உயிரிழந்த துயரமும் அப்போராட்டத்தில் நேர்ந்தது.

1955-இல் வெளிவந்த மாநிலச் சீரமைப்புக் குழுவின் அறிக்கை, நான்கு தென் தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னை இராஜ்யத்தோடு சேர்க்கப் பரிந்துரைத்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழ் பேசுவோர் மிக்கிருந்தும், தோட்டத் தொழிலாளர் நிலையாகத் தங்காத மக்கள் என்பதும் காரணங்களுள் ஒன்றாகக் காட்டப்பட்டு, அவை கேரளத்தில் வைக்கப்பட்டன. 1891-இன் பழைய வினா இங்கே மறுபடியும் தலைகாட்டக் காண்கிறோம்: எத்தனை ஆண்டு வாழ்ந்தால் ஒரு குடும்பம் நாட்டுக்குரியதாகும்? மாளிகையில் இருந்த பரதேசியிடம் அன்று கேட்ட வினாவையே, தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தவரிடமும் காலம் கேட்டது.

1956 நவம்பர் முதல் நாள் புதிய எல்லைகள் நடைமுறைக்கு வந்தன. தென் தாலுகாத் தமிழர் பெரும்பான்மையினர் ஆயினர். அங்கே வாழ்ந்த மலையாளிகள் சிறுபான்மையினர் ஆயினர். இந்நகரில் தங்கிவிட்ட நாம் முன்னிலும் சிறிய சிறுபான்மையினர் ஆனோம். எல்லைக்கோடு ஒருவர் குறையை நீக்கும்போதே மற்றொருவர் வாசலில் அதை இறக்கி வைக்கிறது.

'போதிய' என்றால் எவ்வளவு?

சென்னை மாகாணத்தில் இதே சொல் 'வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம்' என்ற பெயரோடு வளர்ந்தது. 1921-இல் முதல் வகுப்புவாரி ஆணை பிறந்தது. அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் காலத்தில், 1927-இல், 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, கிறிஸ்தவருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1 என்று பங்கு வகுக்கப்பட்டது. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் கல்லூரிச் சேர்க்கைக்கான வகுப்புவாரி ஆணையை உச்சநீதிமன்றம் செல்லாதென்றது; அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது.

நம் அரசியல் சட்டத்தின் 16-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, அரசுப்பணிகளில் போதிய பிரதிநிதித்துவம் பெறாத பிற்பட்ட வகுப்பாருக்கு இட ஒதுக்கீடு செய்யலாம் என்கிறது. 'மக்கள் தொகைக்கு ஏற்ப' என்று அது கூறவில்லை. 'போதிய' என்றே கூறுகிறது. 1992-இல் இந்திரா சாஹ்னி வழக்கில் உச்சநீதிமன்றம், போதிய பிரதிநிதித்துவம் வேறு, விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வேறு என்று தெளிவுபடுத்தியது. பதவி உயர்வில் ஒதுக்கீடு செய்வதற்குக் குறைவைக் காட்டும் புள்ளிவிவரம் வேண்டும் என்று 2006-இல் நாகராஜ் வழக்கில் கூறியது. 2022-இல் ஜர்னைல் சிங் வழக்கிலோ, போதாமையை அளக்கும் அளவுகோலைத் தாம் வகுத்துத் தர இயலாது, அரசுகளே முடிவு செய்க என்றது. நூறாண்டு வாதத்தின் பின்னும் 'போதிய' என்பதற்கு ஒரே எண் இல்லை. இச்சொல்லின் வலிமையும் அதுவே, இடர்ப்பாடும் அதுவே. காலமும் இடமும் நோக்கி ஒவ்வொரு தலைமுறையும் தானே அளந்து தெளிய வேண்டியது அது.

நாம் செய்யத்தக்கது

மொழிச் சிறுபான்மையினரான நமக்குச் சட்டம் சில பாதுகாப்புக்களை அளித்துள்ளது. அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு மாநிலங்களுக்குக் கூறுகிறது. 350-பி பிரிவு மொழிச் சிறுபான்மையினருக்கெனத் தனி அதிகாரியை அமைக்கிறது. இரண்டும் 1956-ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தத்தால் வந்தவை. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் அதன் திருத்தமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளித்துள்ளன. இவ்வுரிமைகளைப் பயன்படுத்தாமல், 'நமக்கு ஒன்றுமில்லை' என்று பேசிக் கலைவதால் பயனில்லை. தமிழ் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்ப்பவர் இல்லாதபோது தமிழாசிரியர் இடம் போயிற்று என்று வருந்துதல் எங்ஙனம் பொருந்தும்? இன்ன பள்ளியில் இத்தனை பிள்ளைகள், இன்ன அலுவலகத்தில் இத்தனை மனுக்கள் என்று கணக்கோடு செல்லும் குறையே கேட்கப்படும். மெமோரியல்காரர்கள் நமக்குக் கற்பித்த பாடம் இது.

மற்றொரு பாடம் இன்னும் கடினமானது. 1891-இன் கூட்டத்துக்குள் 1896-இன் குறை ஒளிந்திருந்ததுபோல, நம் கூட்டத்துக்குள்ளும் ஒளிந்திருப்பவர் யாவர்? 'திருவனந்தபுரத்துத் தமிழர்' என்று நாம் சொல்லும்போது நம் கண்முன் வருவோர் யார்? அலுவலரும் ஆசிரியரும் வணிகரும் மட்டுமா? சாலைக் கடைகளில் மூட்டை சுமப்பவரும், தெருவைத் துப்புரவு செய்பவரும், கட்டட வேலைக்கு வந்து வாடகை அறையில் பலராய்த் தங்கியிருப்பவரும் தமிழரே அல்லரோ? அவர்களுள் எத்தனை பேர் நம் கூட்டங்களுக்கு அழைக்கப்படுகின்றனர்? விழாப் பந்தலில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்க, செயற்குழுவில் அவர்கள் எத்தனை பேர்? சங்கம் நம்முடையது, இவ்வினாக்களும் நம்முடையனவே.

அரசினர் முன் நாம் நீட்டும் அளவுகோல் நம் வீட்டுக்குள்ளும் நேராக நிற்க வேண்டும். பிறர் இடத்தைக் குறைத்தவர் என்ற பழியையும், நம் இடம் குறைந்தது என்ற துயரையும் ஒருங்கே அறிந்த மக்களுக்கு இது விளங்காத ஒன்றன்று. அடுத்த பொதுக்குழு கூடுமுன், குறைந்தது நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையாவது எடுத்து, தெரு வாரியாகவும் தொழில் வாரியாகவும் நாமே ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. எண்ணியபின் விடுபட்டவர் வீடுகளுக்கு நடந்து செல்வோமாக. அவர்களும் வந்தமர்ந்த அவையிலிருந்து எழும் விண்ணப்பத்தைத்தான் எவரும் எளிதில் மறுக்க இயலாது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!